சிவப்பு நூல் கட்டிய மட்டி

இப்போதெல்லாம் யாரும் ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதில்லை. போனில் படத்தைப் பார்க்கிறான், கட்டைவிரலால் ஒரு தட்டு, மறுநாள் வாசலில் பெட்டி. பிரித்தால் உடைந்திருக்கும். உடைந்ததையும் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டு அடுத்ததைத் தட்டுவான். கடைக்குப் போகிறவனாவது உருப்படியா என்றால் அதுவும் இல்லை. ‘இதை எடுத்துக்குங்க சார், அருமையா இருக்கும்’ என்று கடைக்காரன் சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டு தூக்கி வருகிறான். அத்தனை சரக்கில் அதை மட்டும் ஏன் நம் பக்கம் தள்ளுகிறான் என்று ஒருத்தனாவது யோசிக்கிறானா?

நான் யோசிக்கிறவன். நாற்பத்தொரு வருஷம் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றியவன். எரிந்துபோன மோட்டாரைத் துடைத்து, பெயின்ட் அடித்து, புதுசு என்று விற்கிறவர்களை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மீதியை அந்தப் பட்டறையில்தான் கற்றுக்கொண்டேன். அப்படிப்பட்ட நான் ஒரு மட்டி வாங்கப் போய் மாட்டிக்கொண்ட கதை இது.

மட்டி என்றால் சமைக்கிற மட்டி இல்லை. என் மச்சானுடைய உப்புத்தண்ணீர்த் தொட்டியில் இருப்பது. மச்சான் என் மனைவியின் அண்ணன். அவள் போய்ச் சேர்ந்த அடுத்த வருஷம் அவர் என் வீட்டுக்குக் குடிவந்தார். அவர் வந்தது ஒரு பெட்டியோடு. தொட்டி வந்தது நாலு ஆளோடு. லிப்ட் இல்லாத மூன்றாவது மாடி. ஏற்றி முடித்ததும் அந்த நாலு பேரும் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. ஏதோ நான் வரவழைத்த மாதிரி.

தொட்டிக்குள் கல், மணல், ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன், நடுவில் நீலி. மட்டிக்கு மச்சான் வைத்த பெயர். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம். காலை பத்து மணிக்கு விளக்கு எரிந்ததும் ஓடு பிளக்கும். உள்ளேயிருந்து சதை மடிப்பு மடிப்பாக வெளியே வந்து ஓட்டின் விளிம்பில் வழியும். அதை மச்சான் உதடு என்பார். கருநீலத்தில் பொன்னிறப் புள்ளி. பதினோரு வருஷமாக வளர்க்கிறார்.

“என்ன மச்சான் தின்னும் இது?” என்று வந்த புதிதில் கேட்டேன்.

“வெளிச்சம்.”

“வெளிச்சத்தைத் தின்னுட்டு எந்த உசுராவது இருக்குமா? யார் காதுல பூ சுத்தறீங்க?”

“சோத்தைத் தின்னுட்டு நீ என்னத்தைக் கிழிச்சே மாப்ளே? அது வெளிச்சத்தைத் தின்னுட்டு எவ்வளவு அழகா இருக்கு பாரு” என்றார்.

இப்படித்தான் ஒன்பது வருஷம் போயிற்று. காலையில் இரண்டு டம்ளர் தேநீர், தொட்டி முன்னால் இரண்டு நாற்காலி, பேச்சில் அவர் என்னைக் குத்த, நான் அவரைக் குத்த. இந்த வீட்டில் எனக்குப் பேச்சுத் துணை அவர் ஒருத்தர்தான். அதை அவரிடம் நான் சொன்னதில்லை. சொல்கிற ஆளும் இல்லை.

ஒரு மழை நாளில் தொட்டிக்கு ஊற்றச் சுத்தத் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு படியேறியவர், இரண்டாவது மாடித் திருப்பத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு போய்விட்டது. ஸ்க்ரூ வைத்தார்கள். நடக்கப் பழக்கி அனுப்ப ஒரு மாதம் ஆகும் என்றார் டாக்டர்.

மச்சானின் மகன் அடித்துப் பிடித்து ஓடி வந்தான். ஐந்து மணி நேர தூரத்தில் இருக்கிறான். நல்லவன்தான், ஆனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுப் பேசுவான்.

“மூணு மாடி ஏறி இறங்கற வயசாப்பா இது? நம்ம வீடு தரைத்தளம். இனிமே அங்கதான்.”

“நீலியை யாருடா பாப்பா?”

“மாமா பாத்துக்குவார்.”

“மாமா மோட்டாரைத்தான் பாப்பார். உசுரை எங்க பாப்பார்?”

“அப்ப தொட்டியையும் தூக்கிட்டுப் போவோம்.”

“உன் சின்னவன் கையை விட்டு மீனைப் புடிப்பான். உன் பொண்டாட்டி உப்புக்கறைன்னு மூஞ்சியைத் தூக்குவா. ஆளை விடு. நீலி இருக்கற வரைக்கும் எனக்கு அந்த வீடுதான்.”

மகன் என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். “மாமா, அந்தச் சிப்பி இன்னும் எத்தனை வருஷம் இருக்கும்?”

“உன்னையும் என்னையும் அனுப்பி வெச்சுட்டுத்தான் அது போகும்” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டேன். பதினோரு வருஷம். ஒரு நாள் கரண்ட் போனால் போதும், பம்பு நின்றால் போதும். நீலி செத்தால் மச்சான் மகன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஒரு மட்டியின் மேல் ஒரு மனுஷன் தொங்கிக்கொண்டிருந்தார். அவர் மேல் நான். என் தொழிலில் முக்கியமான பம்புக்குப் பக்கத்தில் இன்னொரு பம்பைத் தயாராக வைப்போம். ஒன்று நின்றால் மற்றது ஓடும். இங்கே ஏன் ஒன்றை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டும்? இன்னொரு மட்டி வாங்கி விட்டால் என்ன?

மச்சானிடம் கேட்கவில்லை. கேட்டால் காரணம் கேட்பார்.

அவர் வழக்கமாகப் போகும் கடை, சைக்கிள் பழுது பார்க்கும் இடத்துக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஒரு குகை மாதிரி. உள்ளே தரையெல்லாம் ஈரம், சுவரெல்லாம் தொட்டி. கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். முழங்கை வரை நனைந்த கை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. கல்லாவில் அவள் அண்ணன், அரைத் தூக்கத்தில்.

மச்சான் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. “இடுப்பு எப்படி இருக்கு அவருக்கு? நீலி நல்லா இருக்காளா?”

எடுத்தவுடன் குடும்பத்தை விசாரிக்கும் கடைக்காரர்களிடம் நான் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். “நல்லா இருக்கு. இன்னொண்ணு வேணும். எது நல்லதுன்னு நானே பாத்துக்கறேன்” என்றேன்.

“பாருங்கய்யா. எப்படிப் பாக்கணும்னு மட்டும் சொல்றேன்.” நாலு மட்டி இருந்த தொட்டியின் முன்னால் என்னை நிறுத்தினாள். “கையை விளக்குக்குக் குறுக்க கொண்டுபோங்க. நிழல் விழுந்ததும் சட்டுனு மூடணும். யோசிச்சு யோசிச்சு மூடினா அது நோயாளி.”

நான் கையை நீட்டினேன். மூன்று படக்கென்று மூடின. ஒன்று சோம்பலாக, பாதி.

“அந்த நாலாவதை விடுங்க. இப்ப சதை நடுவுல தண்ணி இழுக்கற ஓட்டையைப் பாருங்க. கோடு மாதிரி இருக்கணும். கொட்டாவி விட்ட மாதிரி பொளந்திருந்தா வேண்டாம். ஓட்டு விளிம்புல வெள்ளையா ஒரு வரி தெரியுதா? புது ஓடு. வளருதுன்னு அர்த்தம். அடியில நார் விட்டுக் கல்லைப் புடிச்சிருக்கு பாருங்க. பிடுங்கினா கால் கிழிஞ்சிடும், கிழிஞ்சது பத்து நாள் தாங்காது. அதனால கல்லோடதான் தருவேன்.”

சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. பிறகு அவள் ஒன்றைக் காட்டினாள். உள்ளங்கை அகலம், பழுப்பு நிறம், அழுக்குப் பச்சையில் புள்ளி. “இதை எடுத்துக்குங்க. எட்டு வாரமா எங்கிட்ட இருக்கு. கல்லு மாதிரி.”

பார்க்கவும் கல்லு மாதிரிதான் இருந்தது. எட்டு வாரமாக விற்காத சரக்கை என் தலையில் கட்டுகிறாள் என்று புரிந்துகொண்டேன். கண்ணைச் சுழற்றினேன். கோடியில் தனியாக ஒரு சின்னத் தொட்டி. அதற்குள் ஊதா நிறத்தில் ஒன்று, உதட்டோரம் நீலக் கோடு நெளிந்து, தூரத்திலிருந்தே மின்னியது. தொட்டியின் மூலையில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது.

“அது?”

“அது விக்கறதுக்கு இல்லைங்கய்யா.”

“ஏன்?”

“வந்து ஆறு நாள்தான் ஆகுது. வந்ததும் சிவப்பு நூல் கட்டிடுவேன். மூணு வாரம் யாருக்கும் தர மாட்டேன். எதை ஒளிச்சுக் கொண்டுவந்திருக்குன்னு மேல பாத்தாத் தெரியாது.”

நிழல் காட்டிப் பார்த்தேன். எலிப்பொறி மாதிரி மூடியது. ஓட்டை கோடு போல. விளிம்பில் வெள்ளை வரி. அடியில் நார். அவள் சொன்ன நாலும் இருந்தது.

“நல்லாத்தானேம்மா இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. அதான் பயம்.”

நல்லா இருப்பதனால் பயமாம். என்னிடமே சொல்கிறாள். என் பட்டறையில் செம்புக் கம்பி சுற்றிய நல்ல மோட்டார் வந்தால் அதன் கழுத்தில் ஒரு கந்தைத் துணியைக் கட்டி ஓரமாக வைப்பேன். ‘இது ஆர்டர்’ என்று வந்தவனிடமெல்லாம் சொல்வேன். வேண்டப்பட்ட ஆள் வந்தால் மட்டும் துணி அவிழும். முப்பது வருஷம் நான் கட்டிய துணியை இவள் எனக்கே நூலாகக் கட்டிக் காட்டுகிறாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மறுநாள் மதியம், அவள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்துப் போனேன். அண்ணன் கல்லாவில் கன்னத்தில் கை வைத்திருந்தான்.

“அந்த ஊதா வேணும். கல்லோட.”

“தங்கச்சி சொல்லிடுச்சா?”

“நேத்தே பேசியாச்சு.”

பொய் சொல்லவில்லை. பேசியது உண்மைதான்.

அவன் பையில் தண்ணீரோடு போட்டுக் கொடுத்தான். நூல் தொட்டியிலேயே தொங்கியது.

வீட்டில் எல்லாம் முறையாகத்தான் செய்தேன். மச்சான் செய்வதை ஒன்பது வருஷம் பார்த்தவன். பையை மிதக்க விட்டு, மெல்லிய குழாயில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒன்றரை மணி நேரம் விட்டு, பழக்கி, பையின் தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே வைத்தேன். நீலிக்குப் பக்கத்திலேயே, துணைக்கு. ஒரு மணி நேரத்தில் ஊதா விரிந்தது. இரண்டும் அருகருகே ஆடிக்கொண்டிருந்தன. அன்றைக்கு நான் தனியாக உட்கார்ந்து இரண்டு டம்ளர் தேநீர் குடித்தேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு.

ஆஸ்பத்திரிக்கு நாள் தவறாமல் போனேன்.

“நீலி?”

“விரிஞ்சிருக்கா.”

“உப்பு?”

“நீங்க எழுதி ஒட்டின அளவுதான்.”

“என்ன மாப்ளே மூஞ்சியில ஒரு களை? எவளாவது மாட்டினாளா?”

“இந்த மூஞ்சிக்கு மட்டிதான் மாட்டும்” என்றேன். அவர் சிரித்தார். சிரித்தால் இடுப்பு வலிக்கிறது என்று என்னைத் திட்டினார்.

மூன்றாவது வாரம் நீலியின் இடது ஓரத்தில் உதடு உள்வாங்கியது. ஒரு விரல் நீளம்தான். துணியின் ஒரு ஓரத்தில் நூலை இழுத்தால் சுருங்குமே, அப்படி. மறுநாள் இரண்டு விரல். நான் உப்பைப் பார்த்தேன், சூட்டைப் பார்த்தேன். பம்பைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பாதித் தண்ணீரை மாற்றினேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்; ஓடாததைக் கழற்றித் துடைப்பது. ஓட்டின் மடிப்பில் வெள்ளையாக நாலைந்து குருணை ஒட்டியிருந்தது. அரிசிக் குருணையில் பாதி இருக்கும். மணல் என்று நினைத்தேன். நிழல் காட்டினால் நீலி மூடியது, ஆனால் யோசித்து மூடியது. அந்த அம்மாள் சொன்ன வார்த்தை காதில் கேட்டது. கடைக்குப் போய்க் கேட்டிருக்கலாம். போனால் நூல் கதை வெளியே வரும். போகவில்லை.

“நீலி?” என்றார் மச்சான்.

“விரிஞ்சிருக்கா” என்றேன். இந்த முறை அது பொய்.

முப்பத்திரண்டாவது நாள் நாற்காலியில் வைத்து இரண்டு பேர் அவரை மேலே தூக்கி வந்தார்கள். மகன் மருந்து மாத்திரை வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு மச்சான் நேராகத் தொட்டி முன்னால் போய் உட்கார்ந்தார். முதலில் ஊதா கண்ணில் பட்டது.

“அடப்பாவி! சக்களத்தியைக் கொண்டு வந்துட்டியா?” என்று சிரித்தார். அப்புறம் நீலியைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது.

“எத்தனை நாளா இப்படி?”

“பத்து நாள்.”

“தினமும் வந்து விரிஞ்சிருக்கான்னு சொன்னியே.”

நான் சட்டைக் கையை மடித்தேன்.

“கையைக் கழுவு. சோப்பு வேண்டாம். ஓட்டுக்கு அடியில விரலை விட்டுத் தடவு.”

தடவினேன். விரலில் நறநறவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளங்கையில் வைத்து அவர் கண்ணுக்கு நேரே நீட்டினேன். ஏழெட்டு வெள்ளைக் குருணை. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒன்று நகர்ந்தது.

“நத்தை” என்றார் மச்சான். “ராத்திரியெல்லாம் விளிம்புல ஏறி உக்காந்து உறிஞ்சும். பகல்ல அடியில ஒளிஞ்சுக்கும். எந்தக் கடை?”

“உங்க கடைதான்.”

“அவ இப்படித் தர மாட்டாளே.”

போனை எடுத்து, நானும் கேட்கும்படி வைத்து, கடைக்காரம்மாவை அழைத்தார். விஷயத்தைச் சொன்னார். “அண்ணே! ஊதாவை யாரோ தெரிஞ்சவர் வாங்கிட்டுப் போனார்னு சொன்னியே, யாருண்ணே?” என்று அவள் கத்தியது கேட்டது. தூரத்தில் அண்ணன் குரல்: “நேத்தே பேசியாச்சுன்னாரு, வயசானவரு...”

மச்சான் போனை மடியில் வைத்தார்.

“சிவப்பு நூல் இருந்துதா?”

“இருந்துது.”

“சொன்னாளா?”

“சொன்னா.”

“அப்புறம் ஏன் மாப்ளே?”

“நல்லதை ஒளிச்சு வெக்கறான்னு நெனச்சேன்.”

“மட்டி வாங்கப் போன மட்டி” என்றார். வழக்கமாக இப்படிச் சொன்னால் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவார். அன்று தட்டவில்லை.

அவள் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டாள், மூடி போட்ட இரண்டு வாளியோடு. மெல்லிய பிளேடால் நாரைக் கல்லோரம் அறுத்து, குழந்தையைத் தூக்குவது மாதிரி நீலியைத் தூக்கினாள். பழைய பல் பிரஷால் அடியைத் தேய்த்தாள். வாளித் தண்ணீரில் குருணை கொட்டியது. அதைவிட மோசம், ஓட்டில் பசை தடவியது போல முட்டை.

“இங்க வெச்சு முடியாதுங்க. கடையில தனித்தொட்டியில வெச்சுத் தினமும் தேய்ச்சு எடுக்கணும். கடைசிக் குருணையைப் பாத்த நாள்லேருந்து மூணு வாரம் சுத்தமா இருந்தாத்தான் திரும்ப. அதுவரைக்கும் இந்தத் தொட்டியில மட்டியே இருக்கக் கூடாது.”

“எடுத்துட்டுப் போம்மா” என்றார் மச்சான்.

“இருங்க” என்றேன். பெட்டியிலிருந்து சின்ன அரத்தை எடுத்து வந்து, நீலியின் ஓட்டில் அடிப்பக்கம் பழைய தடித்த இடத்தில் ஒரு கோடு இழுத்தேன். அவள் புரியாமல் பார்த்தாள். மச்சானுக்குப் புரிந்தது.

“அவ மாத்திடுவான்னு அடையாளம் போடறியா? உனக்கு வெக்கமே கெடையாதா மாப்ளே?”

“என் வாயால ஒண்ணும் சொல்லலையே.”

“அரத்தால சொன்னே.”

கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டாள். வாளியின் மூடியை அழுத்தினாள். ஊதாவையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். நடுவில் கல் மட்டும் இருந்தது, அதில் அறுத்த நாரின் மிச்சம் ஆடிக்கொண்டிருந்தது.

வழியில் அவளைப் பார்த்த மகன், மேலே வந்து காலித் தொட்டியையும் பார்த்தான். அவன் ஒன்றும் கெட்டவன் இல்லை என்று முன்பே சொன்னேன். மெதுவாகத்தான் கேட்டான். “இப்ப இங்க இருக்க என்னப்பா காரணம்?”

மச்சானிடம் காரணம் இல்லை. நான்தான் வாளியில் போட்டு அனுப்பியிருந்தேனே. பெட்டியை நானே கட்டிக் கொடுத்தேன். ஒன்பது வருஷத்துக்கு முன் வந்த அதே பெட்டி. பூட்டு சரியாக விழவில்லை, எண்ணெய் விட்டுச் சரிசெய்தேன். காரில் ஏறும்போது அவர் என் கையைப் பிடித்தார்.

“நீலி வீட்டுக்கு வந்த அன்னைக்கு ஒரு போன் பண்ணு. மறுநாள் இவனைக் கூட்டிட்டு வரச் சொல்லி வந்து இறங்கறேன். அதுவரைக்கும் அந்த ரெண்டு மீனையும் பட்டினி போட்டுடாதே.”

“வருவீங்களா?”

“நீலி வந்தா வருவேன்.”

போகிறவன் எல்லாரும் இப்படித்தான் சொல்வான்.

இருபத்தொரு நாள். காலையில் ஒரு டம்ளர் தேநீர் போட்டேன். இரண்டு நாற்காலியில் ஒன்றில் உட்கார்ந்தேன். பத்து மணிக்கு விளக்கு அதுவாக எரியும், கல்லின் மேல் வெளிச்சம் விழும், தின்ன ஆள் இல்லாமல். மச்சான் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்வார். முதல் வாரம் பேரனைத் திட்டினார். இரண்டாவது வாரம் பேரன் செய்த குறும்பைச் சொல்லிச் சிரித்தார். மூன்றாவது வாரம், வாசலிலேயே பார்க் இருக்கிறது, படியே இல்லாமல் நடக்க முடிகிறது என்றார். எனக்கு ஒவ்வொரு போனும் ஒவ்வொரு சுற்று அவிழ்கிற மாதிரி இருந்தது.

இருபத்தொன்றாவது நாள் மூடி போட்ட வாளியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரம்மா வாளியைப் பார்த்தாள். “ஊதா செத்துப் போயிடுச்சுங்கய்யா. ரெண்டாவது வாரமே. நீலி தேறிட்டா. ஆனா இன்னைக்குத் தர முடியாது.”

“மூணு வாரம்னு சொன்னியே.”

“கடைசிக் குருணையைப் பாத்த நாள்லேருந்துன்னேன். முந்தாநாள் ஒண்ணு கெடைச்சுது. மறுபடி மொதல்லேருந்து.”

“எங்கே அந்தக் குருணை?”

“நசுக்கித் தூக்கிப் போட்டுட்டேன். பிரேம் போட்டு மாட்டியா வெப்பாங்க?”

பார்த்தீர்களா, சாட்சியே இல்லை. “என் கோட்டைக் காட்டு” என்றேன்.

கையைத் தண்ணீரில் விட்டு நீலியை லேசாகச் சாய்த்தாள். அடியில் நான் அரத்தால் இழுத்த கோடு அப்படியே இருந்தது. ஓட்டின் விளிம்பில் ஒரு புது வெள்ளை வரியும் ஓடியிருந்தது.

“போதுமா?” என்றாள். குரலில் கொஞ்சம் சூடு.

வேறொரு ஓட்டில் ஒரு கோடு இழுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். கல்லாவில் அண்ணன் கன்னத்தில் கை வைத்துக் கண்ணை மூடியிருந்தான். தொட்டியும் நானும் வாளியும். மூலையில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. முடிச்சு சாதாரண முடிச்சுதான்.

கையை விளக்குக்குக் குறுக்கே கொண்டுபோனேன். நிழல் விழுந்ததும் நீலி படக்கென்று மூடினாள். யோசிக்கவே இல்லை. கையை எடுத்தேன். மெல்ல விரிந்தாள், இடது ஓரமும் சேர்ந்து. இன்றைக்குக் கொண்டுபோய் வைத்தால் இன்றைக்கே போன் பண்ணலாம். நாளைக்குக் கார் வந்து நிற்கும். இன்னும் மூன்று வாரம் போனால் அவருக்கு அந்தப் பார்க் பழகிவிடும், பேரன் பழகிவிடுவான். அப்புறம் மட்டி வந்து என்ன, வராமல் என்ன?

‘நேத்தே பேசியாச்சு’ என்று சொன்னால் இவன் எழுந்துகூடப் பார்க்க மாட்டான்.

விரல் நூல் வரைக்கும் போனது. ஈரமாக இருந்தது. உள்ளங்கையில் அன்றைக்கு அந்தக் குருணை நகர்ந்தது ஞாபகம் வந்தது. அது நகர்ந்த இடம் இன்னும் அரிக்கிற மாதிரி இருந்தது. கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

அவள் திரும்பி வந்தாள். முதலில் நூலைப் பார்த்தாள், அப்புறம் என்னை.

“மூணு வாரம் கழிச்சு வாங்கய்யா. நானே கொண்டாந்து வெச்சுத் தரேன்.”

“அப்பவும் ஒரு குருணை கெடைக்கும்” என்றேன்.

“கெடைச்சா அதையும் எடுப்பேன்.”

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறாள். இப்படி எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவர்களைத்தான் நான் நம்புவதில்லை. முந்தாநாள் குருணை கிடைத்ததும் நிஜமா, மச்சானின் மகன் ஏதாவது போன் போட்டுச் சொல்லி வைத்திருக்கிறானா, யார் கண்டது? காலி வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சைக்கிள் கடைக்காரன், “என்ன பெரியவரே, கொண்டுவந்த வாளியை அப்படியே கொண்டுபோறீங்க?” என்றான். வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.